மாலை ஆறு மணிக்கு எந்த விளையாட்டு? கைப்பேசிக்கு மாற்றுத் தேடும் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோருக்கு, மாலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் ஒரு நாளின் மிகக் கடினமான பொழுது. உலை வைக்க வேண்டும், காய்ந்த துணியை எடுத்து மடிக்க வேண்டும், மறுநாள் காலைக்குக் காய் நறுக்கி வைக்க வேண்டும். சரியாக அந்த வேளையில்தான் சிறு பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் கைப்பேசி எடுத்துக்கொண்டிருந்தது. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை வயது. இருவரையும் திரையிலிருந்து பிரித்தெடுப்பது என்று முடிவு செய்தபோது எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகள் யாவும் அறிவை வளர்க்கும் விளையாட்டுகளின் பெயர்ப் பட்டியலாகவே இருந்தன. அவற்றுள் பாதிக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கூடவே ஆடினால்தான் நடக்கும். அப்படி அமர்வதற்கு ஆள் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் கைப்பேசி பிள்ளைகள் கைக்குப் போயிருக்கவே போயிருக்காது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதல் அளவுகோலாக வைத்துக்கொள்வது, ஒரு விளையாட்டு பெரியவரின் கையை எத்தனை நிமிடம் விடுவிக்கிறது என்பதை. கைப்பேசி பிள்ளையிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று நிறையப் பேசுகிறோம். அது சமைக்கிறவருக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், அதன் இடத்தில் வைக்கும் எந்த விளையாட்டும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. இரண்டாவது அளவுகோல் ஆபத்து. மூன்றாவது, விளையாடத் தேவைப்படும் இடம். செலவு, குப்பை, சுத்தம் செய்யும் வேலை ஆகியவை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அதே வழிகாட்டுதலில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வயது முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தை, நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். திரையை எடுத்துவிட்டு அதே மூலையில் ஒரு பொம்மையோடு உட்கார வைப்பது, சிக்கலில் பாதியை மட்டுமே தீர்க்கும் என்பதை இந்தக் கணக்கு நினைவூட்டுகிறது. உட்கார்ந்து ஆடுபவற்றையும் ஓடி ஆடுபவற்றையும் அதனால்தான் நான் தனித்தனியே எடைபோட்டேன்.

கடைப் பொம்மையும் நூல் கோனும்

முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது கடையில் வாங்கும் பொம்மை. அதிலும் இரண்டு வகை உண்டு. பொத்தானை அழுத்தினால் பாடுவதும் விளக்கு எரிவதுமான மின்கலப் பொம்மை ஒன்று. சதுரக் கட்டை, அடுக்கு வளையம், இழுத்துச் செல்லும் வண்டி போன்ற மரப் பொம்மை மற்றொன்று. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கவனித்ததில், மின்கலப் பொம்மையோடு ஆடும்போது பெற்றோர் பேசும் சொற்களும் குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்திருந்தன. மரப் பொம்மை போன்ற பழைய வகைப் பொம்மைகளிலும் படப் புத்தகத்திலும் பெற்றோரின் சொற்கள் கூடின; குழந்தையின் ஒலிகள் படப் புத்தகத்தில் கூடின. பொம்மையே பேசிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கைப்பேசிக்கு மாற்றாக அத்தகைய பொம்மையை வாங்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றுள் இருக்கும் பொத்தான் அளவு மின்கலம் கழன்று, பிள்ளை அதை விழுங்கி, அது தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

மரப் பொம்மை நல்லது. ஆனால் விலை கூடியது. சத்தியமங்கலம் மலைப்பாதை வழியாக மைசூருக்குப் போய்வரும் குடும்பங்கள் அங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள சன்னபட்டணாவின் அரக்குப் பூச்சு மரப் பொம்மைகளை வாங்கி வருவதுண்டு. விளிம்பு வழவழப்பாகவும் கைக்கு இதமாகவும் இருப்பவை அவை. நம்மூர்க் கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். பொம்மைகளுக்கு அம்முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எத்தனை வாங்குவது என்பதற்கு அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தின் 2018-ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு உதவியது: ஒன்றரை வயது முதல் இரண்டரை வயதுவரை உள்ள 36 குழந்தைகளுக்கு ஒருமுறை 16 பொம்மைகளும் மறுமுறை 4 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தபோது, நான்கே இருந்த வேளையில் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். இதைப் படித்த அன்றே வீட்டிலிருந்த பொம்மைகளில் முக்கால்வாசியைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினேன். வாரம் ஒருமுறை நான்கை இறக்கி, நான்கை ஏற்றுகிறேன். பழைய பொம்மையே புதிதாக வந்தது போலப் பிள்ளைகள் அதைத் தேடி எடுக்கிறார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் பெரும்பாலான மரப் பொம்மைகளை வெல்லக்கூடிய ஒரு பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. பின்னலாடைக்கான நூல் சுற்றி வரும் காகிதக் கோன்தான் அது. நூல் தீர்ந்ததும் மூட்டை மூட்டையாக ஒதுக்கப்படும் அந்தக் கூம்புகள் உறுதியானவை, எடையற்றவை, ஒன்றுக்குள் ஒன்று நுழைபவை. முப்பது கோன்களைக் கொண்டுவந்து கொட்டினேன். மகன் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் தன் உயரத்துக்கு மேல் கோபுரமாக்குகிறான்; சாய்ந்து விழும்; மீண்டும் செருகுகிறான். மகள் அவற்றை வரிசையாக நிறுத்திப் பந்தெறிந்து வீழ்த்துகிறாள், தலைகீழாக வைத்துக் கடை போடுகிறாள், வாயில் வைத்து ஒலிபெருக்கி ஆக்குகிறாள். ஏற்றுமதிக்குப் போகும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று சேர்ந்தால் அதற்குள் ஒரு வீடே அமைந்துவிடுகிறது. இவற்றுக்குச் சரி, தவறு என்று எதுவும் இல்லாததால் ‘இது எப்படிம்மா’ என்று என்னைக் கூப்பிட வேண்டிய தேவை வருவதில்லை. பெரியவரின் கையை விடுவிக்கும் கணக்கில், எங்கள் வீட்டில் இதுவே முதலிடம். இருபது நிமிடம், சில நாள் அரை மணி நேரம்கூட நிற்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கோனில் மிச்சம் ஒட்டியிருக்கும் நூலை முழுவதும் உருவி எடுத்துவிட வேண்டும், பெட்டியில் கம்பிப் பின் (ஸ்டேபிள்) இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையில் ஒரு சாணுக்கு மேற்பட்ட நூலோ நாடாவோ இருக்கக் கூடாது. அது கழுத்தைச் சுற்றிக்கொள்ளும்.

கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியையும் இங்கேயே சொல்லிவிடலாம். பனியன் துணியின் கீற்றை இரண்டு கையாலும் இழுத்தால் விளிம்புகள் தாமாகவே சுருண்டு கயிறுபோல ஆகும். ஐந்து வயதுப் பெண்ணுக்கு அதைப் பின்னுவதற்குக் கற்றுக்கொடுத்தால் ஒரு மாலை முழுவதும் போகும். அதே துணியை உருட்டிக் கட்டினால் கண்ணாடியை உடைக்காத பந்து.

அடுப்படி வேலையே விளையாட்டாக

என் தாயார் காங்கயம் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். பொம்மைகளைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “புள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் எதுக்கு கண்ணு, ரெண்டு போசியும் ஒரு கரண்டியும் குடு, போதும்.” 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் பணியாற்றிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, துடைப்பது, மடிப்பது, பிரிப்பது ஆகியவையே சிறு குழந்தையின் முதற்பாடங்கள். என் தாயாருக்கு அந்தப் பெயர் தெரியாது. இருவரும் சொன்ன செய்தி ஒன்றே.

அடுப்படி வேலையின் பெரும் நன்மை, அது பிள்ளையைப் பெரியவரின் பக்கத்திலேயே வைத்திருப்பது. மாலையில் அழும் பிள்ளை பெரும்பாலும் விளையாட்டுக்காக அழவில்லை, பகல் முழுவதும் காணாத தாயைத் தேடி அழுகிறது. அந்தத் தேடலைப் பக்கத்து அறையில் வைக்கும் எந்தப் பொம்மையாலும் தீர்க்க முடியாது. இரண்டரை வயது மகனுக்கு நான் கொடுப்பது எல்லாப் போசிகளையும் அவற்றின் மூடிகளையும். எந்த மூடி எந்தப் போசிக்கு என்று பொருத்திப் பொருத்தி, சத்தம் எழுப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் இருப்பான். அடுத்து உருளைக்கிழங்கையும் எலுமிச்சம்பழத்தையும் கலந்து கொடுத்தால் இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுவான். மகளுக்கு முருங்கைக்கீரை உருவும் வேலை. ஒரு கட்டுக் கீரை அவளுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் பிடிக்கிறது. சின்ன வெங்காயம் உரிப்பதில் கண் எரிந்தாலும் விடமாட்டேன் என்கிறாள். அரிசிம்பருப்புச் சாதம் வைக்கும் நாளில் அரிசியையும் பருப்பையும் அளந்து போடுவது அவளுடைய உரிமையாகிவிட்டது; அந்தச் சோற்றை அவள் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு வாரம் இது பெரியவரின் வேலையைக் குறைக்காது, கூட்டும். கீரையோடு காம்பும் வரும், மாவு சிந்தும், கேள்விகள் ஓயாது. கம்பெனியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்தப் பொறுமை இருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி, பிள்ளைக்குப் பழக்கம் வந்தபின் வார நாளின் மாலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுப்பும் அரிவாள்மனையும் இருக்கும் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை லைன் வீட்டில், தரையில் கோலமாவால் ஒரு கோடு போட்டு அதற்கு அப்பால் வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை விளையாட்டின் முதல் விதியாக்கிக்கொண்டோம். கோடு தாண்டினால் போசிகள் உள்ளே போய்விடும். சொன்னபடி இரண்டு முறை செய்ததும் மூன்றாவது முறை தேவைப்படவில்லை.

மாவு, மண், தண்ணீர்

பிசைந்து ஆடும் விளையாட்டுகளில் பிள்ளைகள் மிக நீண்ட நேரம் ஆழ்ந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் மூன்று விதமானவை.

மாவு எளிது. ஒரு கப் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், சப்பாத்திப் பதத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் மஞ்சள் நிறம், பீட்ரூட் சாறு ஊற்றினால் இளஞ்சிவப்பு. மஞ்சள் கலந்த உருண்டையின் மேல் சமையல் சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டினால் அது செம்பழுப்பாக மாறுவதையும், எலுமிச்சைச் சாறு விட்டதும் மீண்டும் மஞ்சளாவதையும் பார்த்த அன்று மகள் அதைப் பன்னிரண்டு முறையாவது செய்திருப்பாள். சுண்ணாம்பிலும் இதே மாற்றம் வரும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்பதால் அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. மாவு கெடாமல் பல நாள் இருக்க வேண்டும் என்று உப்பை அள்ளிக் கொட்டும் செய்முறை பரவலாக இருக்கிறது. வாயில் எதையும் போடும் வயதில் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அதைத் தவிர்ப்பதே சரி. உப்பு மிகுந்த மாவைக் கணிசமாக விழுங்கிய குழந்தைக்கு இரத்தத்தில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். உப்பில்லாத மாவு ஒரே நாளில் புளித்துவிடும். அன்றன்று ஒரு பிடி பிசைந்துகொள்ளலாம். நோம்பி (பண்டிகை) நாளில் ஒப்புட்டு (போளி) தட்டும்போது ஒரு உருண்டையைப் பிள்ளையிடமும் கொடுத்துவிட்டால் தனியே பிசையவும் வேண்டியதில்லை.

மண் அதைவிடச் சிறந்தது, ஆனால் வாசல் வேண்டும். தோட்டத்து வீட்டுக்குப் போகும் நாள்களில் பிள்ளைகள் செம்மண்ணைக் குழைத்து மாடும் பட்டியும் செய்கிறார்கள். கொங்கு நாட்டுக் கோயில்களில் நேர்த்திக்கடனாக வைக்கும் மண் உருவாரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மாடு செய்வது தானாக வருகிறது. திமில் மட்டும் உடலைவிடப் பெரிதாக இருக்கும். நகரத்தில் உள்ளவர்கள் மண் வேண்டும் என்பதற்காக நொய்யல் கரையிலிருந்து அள்ளிவர வேண்டாம். பல ஆண்டுகள் சாயக்கழிவு கலந்த ஆறு அது. சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டதற்கே அந்த மாசுதான் காரணம். நாற்றுப்பண்ணையில் வாங்கும் செம்மண் ஒரு கூடை போதும். இரவில் மூடி வைக்காவிட்டால் பூனை அசுத்தம் செய்துவிடும்.

தண்ணீரோ, பிள்ளையை நிறுத்தி வைப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது. பெரியவரின் கையை விடுவிப்பதில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது. வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது; சத்தமும் வராது. கண்ணை எடுக்கவே முடியாத ஒரு விளையாட்டை மாலை சமையல் நேரத்துக்கு எவ்வளவு பரிந்துரைத்தாலும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஞாயிறு காலையில் துவைக்கும் கல்லருகே நான் துணி துவைக்கிறேன். அங்கே எனக்கும் தண்ணீர்தான் வேலை, கண்ணும் அங்கேதான் இருக்கிறது. அப்போது ஒரு அகலத் தட்டில் விரலளவு தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொடுத்தால் இரண்டும் பொருந்துகின்றன. முடிந்ததும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

பல்லாங்குழியும் அதன் முத்துகளும்

பழைய விளையாட்டுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் எடுப்பது பல்லாங்குழி. எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. எண்ணவும் காத்திருக்கவும் எதிராளி எங்கே நிறுத்துவார் என்று கணிக்கவும் ஒரே பலகையில் கற்றுக்கொடுக்கிறது. ஆனால் அது ஐந்து வயதுக்கு உரியது, இரண்டரை வயதுக்கு உரியது அல்ல. பொம்மைச் சோதனைக்கூடத்தில் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் அடங்கும் எந்தப் பொருளையும் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வாய் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் அளக்க எளிது. புளியங்கொட்டை அதில் தாராளமாக நுழையும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்து, எடுப்பதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். தம்பியோ தங்கையோ இருக்கும் வீட்டில், சிறியவர் தூங்கிய பிறகே பல்லாங்குழி வெளியே வர வேண்டும்.

கொட்டைகளின் வகை பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய பலகைகளோடு சில வீடுகளில் குன்றிமணி இருக்கும். சிவப்பும் கறுப்புமாய்ப் பிள்ளைகளின் கண்ணை இழுக்கும். அது கடிபட்டோ துளைபட்டோ உள்ளே போனால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. வேலியோரம் கிடக்கும் கொட்டமுத்தும் (ஆமணக்கு விதை), வாசலில் பூவுக்காக வளர்க்கும் தங்கரளியின் காயும் அப்படியே. தோட்டத்துக்குப் பிள்ளைகள் வரும் முன் என் தாயார் இந்த மூன்றையும் பார்த்துப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுகிறார். புளியங்கொட்டை, சோழி இரண்டும் போதும்.

அளவுகோலுக்குத் திரும்பினால், பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகிய யாவும் இரண்டாவது ஆள் கேட்பவை. அப்பத்தாவோ அப்பாருவோ உடன் இருக்கும் வீட்டுக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை. அவர்களுக்கும் மாலையில் ஒரு துணை கிடைக்கிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்த் தனியே வாழும் லைன் வீட்டில் இவை இரவுச் சோற்றுக்குப் பிந்திய அரை மணி நேரத்துக்கு உரியவை. அந்த நேரத்தில் இவை கைப்பேசியை எங்களிடமிருந்தும் விலக்கி வைத்தன.

கதை சொல்வதும் உள்ளங்கையில் பருப்புக் கடைவதும் இதே வகையில் சேரும். அவற்றின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மாயிருப்பதால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதை சொல்ல முடிகிறது என்பது இவற்றின் தனிப் பலன்.

ஓடி ஆடுவதற்கு

உட்கார வைக்கும் விளையாட்டு எவ்வளவு நல்லதானாலும் அதற்கு முன் உடம்பு களைத்திருக்க வேண்டும். ஐந்தரை மணிக்கு அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்த பிள்ளைதான் ஆறு மணிக்குக் கோன் அடுக்கும். இந்த வரிசையை மாற்றிப் பார்த்த நாள்களில் எந்தப் பொம்மையும் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. எங்கள் தெருவில் வண்டிப் போக்குவரத்து உள்ளதால், லைன் வீடுகளுக்கு நடுவேயுள்ள நடைபாதையில் கரிக்கட்டியால் நொண்டிக் கட்டம் போட்டோம். மகள் கல் எறிந்து ஆடுகிறாள். மகனுக்கு இரண்டு காலாலும் குதிப்பதே ஆட்டம். பத்து வீட்டுப் பிள்ளைகள் கூடுவதால் எவராவது ஒரு பெரியவரின் கண் எப்போதும் அங்கே இருக்கும். வீட்டுக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டதில் மற்ற ஒன்பது பேருக்கும் அரை மணி நேரம் கிடைத்தது. கோயம்புத்தூரின் அடுக்குமாடிகளில் கீழே இடம் இருந்தும் இந்த முறை வைப்பு இல்லாததால் பிள்ளைகள் மேலேயே அடைந்திருப்பதை உறவினர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அங்கே பூங்காவைவிட முதலில் தேவைப்படுவது அந்த ஒப்பந்தம். மழை நாளில் வீட்டுக்குள் என்றால், கால் சறுக்காத கனத்த பவானி ஜமுக்காளத்தை விரித்து அதன் பட்டைக் கோடுகளையே தாண்டிக் குதிக்கும் எல்லைகளாக்கிக்கொள்ளலாம்.

தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, இதில் ஈடில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காங்கயம், தாராபுரம், உடுமலை பக்கமெல்லாம் ஓயாமல் வீசும். அங்கே காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கே அதுதான் காரணம். தென்னை ஓலையில் ஒரு காற்றாடி செய்து கருவேல முள்ளில் குத்திக் கொடுத்தால், முள்முனையை மழுக்கிவிட்ட பிறகு, பிள்ளை களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்தில் பெரிய காற்றாலையின் இறக்கை சுற்றுவதையும் தன் கையில் உள்ளது சுற்றுவதையும் மாறி மாறிப் பார்க்கும். நுங்குக் காலத்தில் நுங்கு வண்டி. ஆடி நோம்பிக்குத் தூரி கட்டுவார்கள். மரக்கிளையில் தடித்த கயிற்றில் பலகை வைத்துக் கட்டும் தூரியைப் பெரியவர் நிற்க ஆடலாம். வீட்டுக்குள் சேலையில் கட்டும் தூரியில் மட்டும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. சுற்றி முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கிவிடும். ஐந்து வயதானாலும் தானாக விடுவித்துக்கொள்ள முடியாது.

எந்த வீட்டுக்கு எது

தனியே வாழும், இடம் குறைந்த, இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் வெளியே ஓட்டம், பிறகு உலை கொதிக்கும்வரை போசியும் கீரையும், அதன்பின் தாளிக்கும் நேரத்தில் பிள்ளையை அடுப்பிலிருந்து விலக்கி அறையின் மறு மூலையில் கோன்களும் அட்டைப்பெட்டியும். மாவு வாரத்தில் இரண்டு நாள். பணம் செலவழிக்க மனமிருந்தால் மரக்கட்டைத் தொகுதி ஒன்று போதும். பத்துப் பொம்மைகள் வாங்கும் பணத்தில் அதை வாங்கலாம். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் வரிசையே வேறு. பல்லாங்குழியும் கதையும் முன்னால் வரலாம், ஓட்டத்துக்கு மட்டும் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும், ஏனென்றால் மூட்டு வலியோடு பேரனுக்குப் பின்னால் ஓடச் சொல்வது நியாயமில்லை. தோட்டத்து வீட்டாருக்கு விளையாட்டைத் தேடித்தர வேண்டியதில்லை. கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி இருக்கிறதா, பூச்சிமருந்து எட்டாத இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மண்ணுக்கும் ஓட்டத்துக்கும்தான் அதிகம் ஏங்குவார்கள்; மாடத்தில் ஒரு தொட்டிச் செம்மண்ணும் கீழே முறை வைத்த அரை மணி நேரமும் அவர்களுக்கு எந்தப் பொம்மையையும்விடப் பெரிது.

கைப்பேசியை நிறுத்திய முதல் ஐந்து நாள் அழுகைதான். மகள் மூன்றாம் நாளே கோன்களிடம் போய்விட்டாள். மகன் கைப்பேசி வைத்திருந்த பீரோவைத் தட்டித் தட்டி அழுதான். ஆறாம் நாளுக்குப் பிறகு மாலையில் அவன் அதைக் கேட்கவில்லை. சோறூட்டும் நேரத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். காட்டினால்தான் வாய் திறப்பான் என்ற நிலை இன்னும் இரண்டு மாதம் நீடித்தது. அங்கேயும் பொம்மை, கதை, நிலா காட்டுதல் என்று ஒவ்வொன்றாக முயன்று, எல்லாமே திரையைப் போலக் கவனத்தைத் திருப்புகிற வேலையைத்தான் செய்கின்றன என்று கண்டு விட்டுவிட்டோம். இப்போது அவனுடைய வட்டலில் சந்தகையைப் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றி அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். பாதி தரையில் விழுகிறது, மீதி வயிற்றுக்குப் போகிறது, துடைத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தத் துணியை இன்னொரு முனையில் அவனும் பிடித்துக்கொள்கிறான்.